ஏழாம் மதகுக் கட்டு

விருந்துக்கு வருகிறவர் "எனக்காக ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் யாரும் அதைக் கேட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. கூட்டு, பொரியல், வடை, பாயசம் என்று வழக்கத்தைவிட நாலு கூடுதலாகவே செய்து வைப்பார்கள். வந்தவரும் "எதுக்கு இதெல்லாம்" என்று சொல்லிவிட்டு நாலையும் சாப்பிடுவார். எழுபத்தாறு வருடமாக நான் பார்த்துவருவது இதுதான். அதனால்தான், சென்னையில் ஓர் ஆவணக் காப்பகத்திலிருந்து ஓர் அம்மாள் தொலைபேசியில் கூப்பிட்டு, "ஐயா, நீங்க எதையும் எடுக்க வேண்டாம், அடுக்க வேண்டாம், இருக்கிறது இருக்கிறபடியே இருக்கட்டும், நாங்க வந்து பாத்துக்கறோம்" என்று மூன்று முறை சொன்னபோது, மூன்று முறையும் அதை மரியாதைப் பேச்சு என்றே எடுத்துக்கொண்டேன். சரிங்க சரிங்க என்று சொல்லிவிட்டு மறுநாள் காலையிலேயே வேலையை ஆரம்பித்தேன்.

அந்தத் தாள்கள் என் அத்தானுடையவை. அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுத்தவர். விடுமுறை நாள் முழுவதும் நீடாமங்கலத்தைச் சுற்றியுள்ள நாலு வாய்க்கால்களின் கரைகளில் நடந்துகொண்டிருப்பார். எந்த மதகிலிருந்து எந்த வயலுக்குத் தண்ணீர் பாய்கிறது, அந்த வயலுக்கு ஊரில் என்ன பெயர், அந்தப் பெயரைச் சொன்னது யார் என்று எழுதுவார். இரண்டு புத்தகம் போட்டார். மூன்றாவதற்கும் சேர்த்து எழுதியவை வீட்டில் நெல் கொட்டி வைக்கிற அறையில் நாலு மரத் தட்டுகளிலும் மூன்று டிரங்குப் பெட்டிகளிலும் கிடந்தன. போன மாசியில் அவர் காலமானார். நான் மனைவியை இழந்தவன். உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். அத்தானுக்குப் பிறகு அக்கா தனியாக இருக்க வேண்டாம் என்று நீடாமங்கலத்துக்கே வந்துவிட்டேன். அக்காவுக்கு எண்பத்தொன்று. அந்த அறையை அவள் திறப்பதேயில்லை.

நான் திறந்தேன். தட்டுக்குப் பதினாறாக அறுபத்துநாலு கட்டுகள். எல்லாம் சணல் கயிற்றால் கட்டியவை. நாற்றங்காலில் பறித்த நாற்றை முடியாகக் கட்டுவதுபோல நடுவில் இறுக்கிச் சுற்றி, மிச்சக் கயிற்றை நீளமாகத் தொங்கவிட்டிருந்தது. அந்த வாலில் ஒன்றோ, நாலோ, பன்னிரண்டோ முடிச்சுகள். அவிழ்க்கப் பார்த்தேன், நகம்தான் பெயர்ந்தது. கத்தரிக்கோல் வைத்து அறுபத்துநாலையும் வெட்டினேன். உள்ளே தாளோடு தாளும், தாளோடு புகைப்படமும் குண்டூசியால் குத்தியிருந்தன. எல்லாம் துருப்பிடித்த ஊசி. ஆயிரத்து நூற்றுப் பதினெட்டு ஊசிகளைப் பிடுங்கி ஒரு ஊறுகாய் பாட்டிலில் போட்டேன். புகைப்படங்களைத் தனியே எடுத்து, சின்னது பெரியது பார்த்து இரண்டு இனிப்புப் பெட்டிகளில் அடுக்கினேன். இருநூற்றுப் பன்னிரண்டு.

தாள்களில்தான் எனக்குக் குழப்பம் ஆரம்பித்தது. அத்தான் ஒருநாளும் புதுத் தாளில் எழுதியதில்லை. நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம், மாணவர்களின் விடைத்தாளில் எழுதாமல் விட்ட பக்கம், மருந்துச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை என்று எது கையில் கிடைத்ததோ அதன் முதுகில் எழுதினார். காப்பகத்து அம்மாள் பேசும்போது சொந்தத் தாள்கள், ஆய்வுத் தாள்கள் என்று இரண்டு வகை சொல்லியிருந்தார். ஒரு பக்கம் அக்காவின் கர்ப்பப்பை அறுவைச் சிகிச்சைக்கு எழுதிக்கொடுத்த மருந்து, மறுபக்கம் மூன்றாம் மதகின் அகலம். இதை எதில் சேர்ப்பது? நாலு நாள் யோசித்து ஒரு விதி செய்துகொண்டேன். அச்சடித்த பக்கம் எதுவோ அதுவே வகை. விடைத்தாள் ஆய்வு, மருந்துச் சீட்டு சொந்தம், பத்திரிகை சொந்தம். பிறகு அளவு பார்த்து ஒன்பது கோப்புகளில் போட்டேன். பத்திரிகைகள் வீட்டு விஷயம் என்பதால் அவற்றைக் கொடுக்கவே வேண்டாம் என்று தோன்றி, அக்காவின் பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். அதற்கு மேல் அதை நினைக்கவில்லை.

ஆய்வுத் தாள்களை எண்ணினேன். ஒன்பதாயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு வந்தது. சரிபார்க்க மறுபடி எண்ணினேன், ஐம்பத்தொன்று வந்தது. மூன்றாவது முறை முப்பத்தொன்பது. ஒட்டிக்கொண்டிருந்த தாள்கள் பிரிந்தனவா, பிரிந்தவை ஒட்டிக்கொண்டனவா தெரியவில்லை. "விடு தம்பி, அவங்க என்ன எடை போட்டா வாங்கப்போறாங்க" என்றாள் அக்கா. வெட்டிப்போட்ட சணல் கயிறுகளை மட்டும் அவள் வீணாக்கவில்லை. கொல்லையில் பாகற்கொடிப் பந்தலுக்குக் குச்சி கட்ட எடுத்துக்கொண்டாள். மொத்தம் இருபத்தாறு நாள் வேலை.

மார்கழியில் ஒரு வெள்ளிக்கிழமை அந்த அம்மாள் வேனில் வந்து இறங்கினார். நாற்பது வயது இருக்கும். அறைக்குள் அழைத்துப்போய், ஒன்பது கோப்புகளையும் இரண்டு பெட்டிகளையும் காட்டினேன். ஒவ்வொன்றின் மேலும் என் கையெழுத்தில் எண்ணிக்கை ஒட்டியிருந்தது. காலித் தட்டுகளைக்கூடத் துடைத்து வைத்திருந்தேன். அவர் நாலு தட்டுகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சார், இதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சு?"

"கட்டுக்கட்டா இருந்துச்சும்மா. ஒரே குப்பை. ஒரு ஒழுங்கும் இல்ல."

"யார் பிரிச்சது?"

"நானேதான். தனியா." அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

அவர் டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். கைப்பையிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக் கொஞ்சம் குடித்தார். "போன்ல சொன்னேனே சார்" என்றார்.

"சொன்னீங்க. நீங்க ஏதோ என்னைச் சிரமப்படுத்தக் கூடாதுன்னு சொல்றீங்கன்னு..."

"இல்ல சார். நெஜமாவே சொன்னேன்."

அவருக்குக் கோபம் வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மெதுவாகப் பேசினார். "அவரு எதை எது கூட வெச்சிருந்தாரோ அதுலதான் சார் அவரோட யோசனை இருக்கு. ஒரு தாளுக்கு அடுத்த தாள் எதுன்னு அவருக்குத்தான் தெரியும். இப்ப அது யாருக்கும் தெரியாது" என்றார். எனக்குப் பாதி புரிந்தது. அத்தானுக்கு அப்படி ஒரு யோசனை இருந்திருந்தால் கட்டுக்கு மேல் ஓர் அட்டையில் எழுதி வைத்திருக்க மாட்டாரா என்று கேட்டேன். அவர் முதல் கோப்பை எடுத்துப் புரட்டினார்.

பதில் சொல்லக்கூடிய ஆள் அப்போதுதான் வாசலில் வண்டியை நிறுத்தினார். எங்கள் ஊர் மருத்துவமனையில் வேலை பார்க்கும் நர்ஸம்மா. அக்கா மாதாமாதம் ரத்த அழுத்த மாத்திரை வாங்கப்போகும்போது, வெள்ளிக்கிழமை வேன் வந்து தாளெல்லாம் எடுத்துக்கொண்டு போகப்போகிறது என்று அவரிடம் சொல்லியிருக்கிறாள். "ரயில்வே கேட்ல இருபத்தஞ்சு நிமிஷம் நிறுத்திட்டாங்க சார். வேன் போயிருச்சோன்னு பதறிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவர், காலித் தட்டுகளைப் பார்த்ததும் நின்றார்.

"கட்டெல்லாம் ஏத்திட்டீங்களா?"

"ஏத்தல. பிரிச்சு வெச்சிருக்கேன்."

"கயிறு?"

யாரும் கயிற்றைப் பற்றிக் கேட்பார்கள் என்று நான் நினைத்ததேயில்லை. கொல்லையைக் காட்டினேன். அவர் செருப்பைக்கூடப் போடாமல் ஈரத்தில் இறங்கி நடந்தார். காப்பகத்து அம்மாளும் பின்னாலேயே போனார். பந்தல் குச்சியில் கட்டியிருந்த ஒரு கயிற்றின் வாலைப் பிடித்து நர்ஸம்மா விரலால் எண்ணினார். "இது நாலு. நாலாம் மதகு." அடுத்ததைப் பிடித்தார். "இது பதினொண்ணு." பிறகு தேடித் தேடி ஓரிடத்தில் நின்றார். பாகற்காய் ஒன்று அவர் தோளில் இடித்துக்கொண்டிருந்தது. "ஏழு" என்றார்.

நர்ஸம்மாவின் அப்பா பதினோரு வருடம் அத்தானோடு கரை கரையாக நடந்தவர். வேலையில்லாத நாளில் அளவுகோல் பிடித்து, சேற்றில் முதலில் தான் இறங்கிப் பார்த்து, வயல் பெயர்களையெல்லாம் சொன்னவர். நாற்றுப் பறிக்கிற, கட்டுகிற வேலையில் வளர்ந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் அன்றன்றைய தாள்களை அவர்தான் கட்டுவார். வாய்க்காலுக்கு ஒரு தட்டு, மதகுக்கு ஒரு கட்டு, எத்தனையாவது மதகோ அத்தனை முடிச்சு. அத்தானும் அதைப் பார்த்துத்தான் எடுத்திருக்கிறார். அட்டையில் எதற்கு எழுத வேண்டும்? அவர் இறந்த பிறகு அத்தான் ஒரு கட்டுகூடக் கட்டவில்லை. பின்னால் எழுதியதெல்லாம் டிரங்குப் பெட்டிகளில் உதிரியாகக் கிடந்ததற்கு அதுதான் காரணம்போல.

இருபத்தாறு நாளில் எவ்வளவோ எண்ணினேன். முடிச்சை எண்ணவில்லை.

"எங்கப்பா முடிச்சு போட்டாரு, நீங்க கத்தரி போட்டீங்க" என்றார் நர்ஸம்மா. சிரித்தமாதிரிதான் சொன்னார். ஆனால் கயிற்றின் வாலைக் கையிலிருந்து விடவில்லை.

அவருக்கு என்ன வேண்டும் என்பதைச் சமையலறையில் உட்கார்ந்து சொன்னார். அவருக்கு நாலு வயதிருக்கும்போது அப்பா காய்ச்சலில் இறந்துவிட்டார். வீட்டில் ஒரு படமும் இல்லை. ஆனால் அத்தான் யாரிடமோ இரவல் வாங்கிய கேமராவில் ஒரே ஒரு முறை அவரைப் படம் எடுத்து, அந்த மதகின் கட்டிலேயே வைத்திருக்கிறார். 'படம் ஒண்ணு இருக்கு, சார் வீட்டுல, மூணாந்தட்டு, ஏழாம் மதகுக் கட்டுல' என்று அம்மா சொல்லிக்கொண்டேயிருப்பாராம். அந்த அம்மாவும் இந்த ஐப்பசியில் போய்விட்டார்.

"இத்தனை வருஷம் வந்து கேட்டிருக்கலாமேம்மா, அத்தான் குடுத்திருப்பாரே" என்றேன்.

"அம்மாவுக்கு முகம் ஞாபகம் இருந்துச்சு சார். அதனால படம் தேவைப்படல. எனக்குத்தான் தேவை. அது அம்மா போனப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுச்சு." தை அமாவாசைக்குள் அம்மா படத்துக்குப் பக்கத்தில் அப்பா படத்தை மாட்டி, மாலை போட்டுக் கும்பிட வேண்டும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

இருநூற்றுப் பன்னிரண்டு படங்களையும் கூடத்தில் பரப்பினோம். வெறும் மதகும் வாய்க்காலும் மட்டும் உள்ளவற்றை ஒதுக்கினால் ஆட்கள் இருப்பவை ஐம்பத்தெட்டு. ஒரு படத்தின் பின்னாலும் எழுத்து இல்லை. எழுத்து எல்லாம் அது குத்தியிருந்த தாளில்தான். ஊசியைப் பிடுங்கியது நான். எங்களுக்குத் தெரிந்து அந்த முகத்தை அறிந்தவர்களில் உயிரோடு இருப்பது அக்கா ஒருத்திதான். அவளுக்கு ஒரு கண்ணில் புரை. நர்ஸம்மா ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"இவன்தான்" என்றாள் அக்கா, ஒன்பதாவது படத்தில். "பல்லு தெரியச் சிரிக்கிறான் பாரு."

"'இவரு'ன்னு சொல்லுங்கம்மா."

அக்காவின் கை வாய்க்குப் போயிற்று. "வாய் அந்தக் காலத்துலயே நிக்குது கண்ணு, தப்பா எடுத்துக்காத. இவருதான்." பிறகு இருபத்திரண்டாவது படம் வந்தது. "அடடே, இல்ல, இவரு." முப்பதைத் தாண்டியதும் இன்னொருவரைக் காட்டி, இதுதான் சத்தியமாக அவர் என்றாள்.

"மூணு அப்பா ஆச்சு எனக்கு" என்றார் நர்ஸம்மா. "இன்னும் இருபது படம் இருக்கு. மெதுவாப் பாருங்க." அக்கா முதலில் சிரித்தாள், பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குத்தான் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியவில்லை.

காப்பகத்து அம்மாள் அன்றைக்கு வேனைத் திருப்பி அனுப்பிவிட்டார். அவர்தான் வழி சொன்னார். துருப்பிடித்த ஊசி தாளிலும் படத்திலும் ஒரே மாதிரிக் கறை விட்டிருக்கும், ஓட்டைகளும் ஒரே இடைவெளியில் இருக்கும். முதலில் ஏழாம் மதகைப் பற்றிய தாளைக் கண்டுபிடிக்க வேண்டும், பிறகு அதன் கறைக்குப் பொருந்துகிற படத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருந்தது. மூன்று பேரும் ஆளுக்கு மூன்று கோப்பாகப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தோம். நர்ஸம்மா வேலை முடிந்து மாலையில் வருவார். மூன்றாம் தட்டிலிருந்த கட்டுகள் ஒன்பது கோப்பிலும் சிதறியிருந்தன. ஒன்பதாயிரத்துச் சொச்சம் தாளையும் திருப்பினோம். ஏழாம் மதகு என்று எழுதிய தாள்கள் அறுபத்தெட்டு கிடைத்தன. நாலு வாய்க்காலிலும் ஏழாம் மதகு உண்டு அல்லவா? எங்களுக்கு வேண்டிய வாய்க்காலில் பத்தொன்பது. அந்தப் பத்தொன்பதில் ஒன்றிலும் படம் என்ற சொல்லே இல்லை. ஒருவேளை நர்ஸம்மாவின் அம்மா எண்ணிக்கையைத் தவறாக ஞாபகம் வைத்திருந்தாரோ என்று சொல்லிப் பார்த்தேன். "எண்ணிக்கை தப்பாகறது எங்க வீட்டுல இல்ல சார்" என்றார் நர்ஸம்மா. என் மூன்று எண்ணிக்கைகளைப் பற்றி அக்கா அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அக்கா குளித்துவிட்டுப் புடவை எடுக்க பீரோவைத் திறந்தவள், "இது என்ன தம்பி, பத்திரிகையையெல்லாம் என் புடவைக்குள்ள சொருகியிருக்க?" என்று சத்தம் போட்டாள். நான் எழுந்து ஓடினேன். ஓடினேன் என்றால் என் வயதுக்கு ஓடினேன்.

பத்திரிகைகளை நான் வண்ணப் பக்கம் மேலே தெரிய அடுக்கி, சொந்தம் என்று தீர்மானித்து, திருப்பிக்கூடப் பார்க்காமல் வைத்துவிட்டிருந்தேன். மொத்தம் நூற்று நாற்பத்துநாலு. அதில் நாற்பத்துமூன்று என் கல்யாணப் பத்திரிகை. கொடுத்து மிச்சமானதையெல்லாம் அத்தான் எடுத்துப்போயிருக்கிறார். என் பெயரும் என் மனைவியின் பெயரும் வாழைமரத்துக்கு நடுவே அச்சடித்திருந்தன. அவற்றை ஒவ்வொன்றாகத் திருப்பினேன். பன்னிரண்டாவதில் அத்தானின் சாய்ந்த எழுத்து: மூன்றாம் வாய்க்கால், ஏழாம் மதகு, தண்ணீர் போகும் கண் இரண்டு, மேலக்கரை இடிந்திருக்கிறது, கீழே பாயும் வயல்கள் ஒன்பது. ஒன்பது பெயர்கள். கடைசியில், 'இன்று படம் எடுத்தேன். அவரும் லஸ்கரும் கோலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.' வெறுமனே அவர் என்று அத்தான் எழுதுவது கூட நடந்தவரைத்தான். மேல் ஓரத்தில் துருக்கறை.

இந்தத் தாள் சொந்தமா, ஆய்வா என்று இப்போது கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது.

பள்ளிக்கூட அடிக்கோலை எடுத்தேன். ஓட்டை இரண்டு, இடைவெளி பதினொரு மில்லிமீட்டர், மேல் விளிம்பிலிருந்து ஒன்பது. ஐம்பத்தெட்டு படங்களையும் அளந்தேன். ஐந்து படங்கள் ஏறக்குறைய ஒத்துவந்தன. கறையின் வடிவம் பொருந்தியது ஒன்றில்தான். தாளின் மேல் வைத்தால் இரண்டு கறையும் ஒரே கறையாகச் சேர்ந்துகொண்டன. காப்பகத்து அம்மாள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, "இதுதான் சார், சந்தேகமே இல்ல" என்றார். அக்கா காட்டிய மூன்று படங்களில் இது இல்லை.

சாயங்காலம் நர்ஸம்மா வந்ததும் கையில் கொடுத்தேன். அவர் ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். மதகுக்கு முன்னால் முழங்கால் தண்ணீரில் இரண்டு ஆட்கள். நடுவே அளவுகோல். இருவரும் ஒரே உயரம். இருவருக்கும் தலையில் துண்டு, இடுப்பில் தார்பாய்ச்சிக் கட்டிய வேட்டி, மீசை. ஒருவர் கொஞ்சம் தலையைச் சாய்த்திருக்கிறார், மற்றவர் நேராகப் பார்க்கிறார். லஸ்கர் என்றால் மதகைத் திறந்து மூட அரசாங்கம் வைத்த ஆள். காக்கிச் சட்டை போட்டிருக்க வேண்டும். அன்றைக்கு அவரும் சட்டையைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கியிருக்கிறார்.

"இதுல யாரு சார்?" என்றார் நர்ஸம்மா.

தாளை மறுபடி படித்தேன். அவரும் லஸ்கரும் என்றுதான் இருக்கிறது. வலது இடது இல்லை. வயல் பெயர் ஒவ்வொன்றுக்கும் கிழக்கு மேற்கு குறித்தவர் இதற்குக் குறிக்கவில்லை. அவருக்கு எதற்குக் குறிக்க வேண்டும், தினமும் பார்க்கிற முகம்.

அக்காவிடம் கொண்டுபோனோம். வெகுநேரம் பார்த்துவிட்டு, "தலை சாஞ்சிருக்கே, அவரு" என்றாள். காபி குடித்த பிறகு மறுபடி வாங்கிப் பார்த்து, "நேரா நிக்கிறவருதான்னு தோணுது" என்றாள். "என்னை நம்பாத கண்ணு" என்று அவளே சொல்லிவிட்டாள். நர்ஸம்மா படத்தைத் தன் முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்க்கச் சொன்னார். சாய்ந்தவருக்கு அவருடைய நெற்றி. நேராக இருப்பவருக்கு அவருடைய தாடை. காப்பகத்து அம்மாள் நெற்றி என்றார். எனக்குத் தாடை என்று பட்டது, பிறகு நெற்றி என்று பட்டது.

நர்ஸம்மா படத்தை இறக்கி மறுபடி ஒருமுறை பார்த்தார். "சரி, ரெண்டு பேரையும் மாட்டிக்கிறேன் சார். ஒருத்தர் அப்பா. இன்னொருத்தர் அப்பா கூட நின்னவரு."

அப்போது காப்பகத்து அம்மாள் தயங்கித் தயங்கி ஒன்று சொன்னார். அசல் படம் அந்தத் தாளோடுதான் இருக்க வேண்டும். மறுபடியும் பிரிப்பது சரியில்லை. அருமையான நகல் ஒன்று போட்டு, சட்டம் போட்டே அனுப்புகிறேன் என்றார். அவர் சொன்னது நியாயம். இருபத்தாறு நாள் நான் செய்த தப்பே பிரித்ததுதானே?

"நகலை நீங்க வெச்சுக்கங்க மேடம்" என்றார் நர்ஸம்மா. "தாளுக்கு அப்பா வேணாம். எனக்கு வேணும்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். கொடுக்கிறவன் நான்தானே. கையெழுத்துப் போட வேண்டிய படிவத்தில் புகைப்படம் இருநூற்றுப் பன்னிரண்டு என்று எழுதி முடித்திருந்தேன். ஒன்று குறைந்தால் படிவம் பொய். அந்த ஒன்றை நர்ஸம்மாவுக்குக் கொடுக்காவிட்டால் வேறு ஏதோ ஒன்று பொய், அது என்னவென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "குடுத்துடு தம்பி, இதுல என்ன யோசனை" என்றாள் அக்கா. கொடுத்தேன். காப்பகத்து அம்மாள் தன் கருவியில் படத்தின் முன்பக்கம், பின்பக்கம், கறை எல்லாவற்றையும் நகல் எடுத்துக்கொண்டார். பட்டியலில் பென்சிலால் எழுதினார்: அசல் குடும்பத்தாரிடம், படத்தில் இருப்பவர் இருவரில் ஒருவர். பத்திரிகைகளையும் கேட்டார். நூற்று நாற்பத்துநாலையும் கொடுத்தேன். பாகற்பந்தலில் கட்டியிருக்கும் கயிறுகளையும், காய்த்து முடிந்த பிறகு அவிழ்த்து அனுப்பச் சொல்லியிருக்கிறார். வேன் திங்கட்கிழமை போயிற்று.

எனக்குத்தான் தூக்கம் போயிற்று. வேன் ரயில்வே கேட்டைத் தாண்டியிருக்காது, அதற்குள் ஒன்று தோன்றியது. அந்த லஸ்கர் உயிரோடு இருந்தால்? உயிரோடு இருப்பவர் படத்துக்கு மாலை போடுவதா? உடனே நர்ஸம்மாவைக் கூப்பிட்டேன். அவரும் திகைத்துவிட்டார். "இருந்தா எண்பதுக்கு மேல இருக்குமே சார்" என்றார்.

"எண்பதுக்கு மேல இருக்கறவங்க இருக்காங்களேம்மா. எங்க அக்கா இருக்காளே."

"அப்ப மாலை இல்லாம மாட்டி வெக்கிறேன். அமாவாசைக்குள்ள விசாரிச்சுச் சொல்லுங்க."

படத்தை மாட்டி, தொலைபேசியில் அனுப்பியும் வைத்தார். அம்மா படத்தில் மல்லிகைச் சரம். பக்கத்துப் படம் வெறுமனே இருக்கிறது. விருந்துக்கு வந்து இலை போடாமல் உட்கார்ந்திருப்பவர்களைப்போல இரண்டு பேரும் தண்ணீரில் நிற்கிறார்கள்.

விசாரித்தேன். அந்த வாய்க்காலில் அந்த வருடங்களில் லஸ்கராக இருந்தவர் நன்னிலம் பக்கத்து ஆள் என்று அந்தத் தண்ணீரில் பயிர் வைத்த பழைய ஆயக்கட்டுக்காரர் ஒருவர் சொன்னார். இல்லை, கூத்தாநல்லூர்க்காரர் என்று இன்னொருவர் சொன்னார். கூத்தாநல்லூரில் பெட்டிக்கடை, மருந்துக்கடை, பள்ளிவாசல் வாசல் என்று ஏழு பேரிடம் கேட்டேன். ஏழு பேரும் அன்பாகத்தான் பேசினார்கள். எட்டாவதாக ஒருவர், நான் கேட்கிற ஆள் நன்னிலம் என்றார். போன செவ்வாய்க்கிழமை இரண்டு பேருந்து மாறி நன்னிலம் போனேன். சம்பா கதிர் முற்றித் தலை சாய்ந்திருந்தது. மதகு வேலை பார்த்தவர்கள் வீடு மூன்று என்றார்கள். முதல் இரண்டிலும் சுவரில் படம் இருந்தது, இரண்டும் நம் படத்திலுள்ள ஒருவருக்கும் ஒத்துவரவில்லை. மூன்றாவது வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் கோலப்பொடி டப்பாவோடு வெளியே வந்தார்.

"பெரியவரு மகனோட திருப்பூர்ல இருக்காருங்க."

"இருக்காருன்னா... நல்லா இருக்காருங்களா?"

"என்ன கேள்விங்க இது? போன மாசம்தான் வந்து ரேஷன் கார்டுக்குக் கைரேகை வெச்சுட்டுப் போனாரு. காது மட்டும் கேக்காது. ஞாபகம் சமயத்துல இருக்கும், சமயத்துல இருக்காது."

மகன் எண்ணை அந்த அம்மாளே தேடிக் கொடுத்தார். அந்தப் பெரியவர்தான் நம் லஸ்கரா, அதுவும் நிச்சயமில்லை. வீடு வந்ததும் படத்தை அனுப்பி, கீழே விவரமாக எழுதினேன்: இதில் உங்கள் தகப்பனார் இருக்கிறாரா, இருந்தால் வலதா இடதா, தயவுசெய்து அவரிடம் காட்டிக் கேட்டுச் சொல்லவும். இன்றோடு நாலு நாள் ஆகிறது. இரண்டு நீலக் குறியும் விழுந்திருக்கின்றன. யாரோ பார்த்திருக்கிறார்கள். மகனா, மருமகளா, அந்தப் பெரியவரா தெரியாது. இரண்டு முறை கூப்பிட்டேன். முதல் முறை மணி அடித்து நின்றது. இரண்டாவது முறை யாரோ எடுத்து, தறி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டு, வைத்துவிட்டார்கள்.

நேற்று மாலை நர்ஸம்மா கூப்பிட்டார். "பூக்காரம்மாகிட்ட மாலைக்குச் சொல்லணும் சார். இன்னைக்கு சொன்னாத்தான் அமாவாசைக்கு கட்டித் தருவாங்க. சொல்லட்டுமா, வேணாமா?"

லஸ்கர் உயிரோடு இருந்தால் அவர் வாயாலேயே இதுதான் நான், அதுதான் உன் அப்பா என்று சொல்லிவிடுவார். ஆனால் அந்தப் படத்துக்கு மாலை போட முடியாது. அவர் இல்லையென்றால் மாலை போடலாம். யாருக்குப் போடுகிறோம் என்பது ஒருநாளும் தெரியாது. எது நல்லது என்று நான் நினைக்க வேண்டும்?

"இன்னும் அஞ்சு நாள் இருக்கும்மா" என்று மட்டும் சொன்னேன்.

"சரி சார். பூவுக்குச் சொல்லி வெக்கிறேன். வேண்டாம்னா அம்மாவுக்கே ரெண்டாப் போட்டுடறேன்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.